நிரையும் நிரலும்: தரவுருவ மாற்றம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

உருவம், உள்ளடக்கம் ஆகிய இரண்டினதும் உறவு பற்றிய விவாதம் ஈழத்து இலக்கிய விமர்சனத்திற்குப் புதியதன்று. முற்போக்கு இலக்கிய இயக்கம் வலுவுடன் செயற்பட்ட காலத்திலே, உருவம் என்பது உள்ளடக்கத்தின் மேற் போர்த்தப்படும் ஆடை என்று கொண்டோரும், உருவமே இலக்கியம் என்று வாதித்தோரும் எதிரெதிரே நின்றனர். ஒரு விடயத்தில் மாத்திரம் இரு சாராரும் ஒன்றுபட்டிருந்தனர். உருவத்தையும் உள்ளடக்கத்தையும் தனித்தனியே கழற்றி வைக்கலாம் என்று இருவருமே நம்பினர். இலக்கியத்தைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை பெரிதும் தளர்ந்துவிட்டது. ஆயின், இலக்கியத்திற்குப் புறம்பானதாகக் கருதப்படும் ஓரிடத்திலே அது இன்றும் ஐயுறவின்றிக் கோலோச்சுகின்றது. புள்ளிவிபரச் செய்நிரலாக்கமே அவ்விடம். அட்டவணையொன்றில் நிரைகளாக உள்ளவற்றை நிரல்களாகவும், நிரல்களாக உள்ளவற்றை நிரைகளாகவும் மாற்றும் வேலை அங்கே நாளாந்தம் நடைபெறுவது. எண்கள் மாறுவதில்லை, அவை இருக்கும் இடம் மட்டுமே மாறுகின்றது என்பது அத்துறையினர் பொதுவாகக் கூறும் விளக்கம்.

இலக்கிய மாணவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கப்படலாம். சமூகவியல், வரலாறு, மொழியியல் முதலிய துறைகளில் ஆய்வு செய்யும் நமது மாணவர் பலர் இன்று கணினியின் முன் அமர்ந்து இவ்வேலையையே செய்கின்றனர். கோட்பாட்டு நூல்களை வாசிக்கையில் வினாத் தொடுக்கப் பழகிய அவர்கள், அட்டவணையை வாசிக்கையில் வினாவின்றி அமைகின்றனர். அட்டவணையும் ஒரு பனுவலே என்ற எண்ணத்துடன், இத்துறையில் அதிகம் வாசிக்கப்பட்ட கட்டுரையொன்றை இங்கு நாம் நோக்குகின்றோம். ஹட்லி விக்கம் எழுதி, 2014ஆம் ஆண்டில் புள்ளிவிபர மென்பொருட் சஞ்சிகையொன்றில் வெளிவந்த ‘டைடி டேட்டா’ என்பது அது. ‘ஒழுங்கான தரவு’ என்று தமிழிற் கூறலாம். ‘ஒழுங்கு’ என்ற சொல்லை விமர்சகர் எவரும் எளிதிற் கடந்துசெல்ல மாட்டார்.

பொருளை விளங்கிக்கொள்ள வெளியே செல்ல வேண்டியதில்லை. நிரனிறைப் பொருள்கோளைத் தொல்காப்பியம் படித்தவர் அறிவர். பெயர்களை ஒரு வரிசையாகவும் அவற்றுக்குரிய பயனிலைகளை வேறொரு வரிசையாகவும் நிறுத்தி, எது எதனோடு பொருந்தும் என்பதை வைப்புமுறையால் உணர்த்துவது அது. குறள் 45இல் அன்பு பண்புடனும் அறன் பயனுடனும் சென்று சேர்வதை நிரனிறையென்றே பரிமேலழகர் கொண்டார். இரண்டு வரிசைகளைப் பிரித்து, ‘இதற்கு இது, அதற்கு அது’ என்று ஒவ்வோர் இணையாக எழுதினால் செய்யுளின் அகலம் குறைந்து நீளம் கூடும். கணினியில் நிகழும் உருவமாற்றத்தின் ஒரு திசை இதுவே. இணைகளை மீண்டும் வரிசைகளாகக் கோப்பது மறுதிசை. நன்னூலார் எதிர்நிரனிறையையும் கூறியிருப்பது நினைக்கத்தக்கது. வைப்புமுறை தலைகீழானால் எது எதற்குரியது என்பதை உரைகாரர் முடிவு செய்தாக வேண்டும். (செய்நிரலுக்கும் அட்டவணையின் நிரலுக்கும் தமிழில் ஒரு சொல்லே அமைந்தது மயக்கந்தருவது. இக்கட்டுரையில் நிரல் என்பது மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசையையும், நிரை என்பது குறுக்காகச் செல்லும் வரிசையையுமே சுட்டும்.)

விக்கமின் கட்டுரை மூன்று விதிகளை முன்வைக்கின்றது. ஒவ்வொரு மாறியும் ஒரு நிரலாக அமைய வேண்டும். ஒவ்வோர் அவதானமும் ஒரு நிரையாக அமைய வேண்டும். ஒவ்வொரு வகை அவதான அலகும் தனியோர் அட்டவணையாக அமைய வேண்டும். எட்கார் கொட் 1970இல் முன்வைத்த தொடர்புசார் தரவு மாதிரியிலிருந்து கிளைத்த நெறிகளையே புள்ளிவிபரவியலாளரின் மொழியில் தாம் கூறுவதாக ஆசிரியர் மறைக்காமற் சொல்லுகின்றார்.

இக்கருத்துகள் அவரிடத்தே தோன்றிய வரலாற்றைச் சொல்லாட்சியினூடாகத் தொடர்வது பயன்தரும். நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபேர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவர் ஆரம்பித்து, பின்னர் எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய பொதுச்சொத்தாக வளர்ந்த ‘ஆர்’ என்னும் மொழிக்கே அவர் கருவிகள் செய்தார். 2007இல் அவர் எழுதிய முந்திய கட்டுரையிலே, அகன்ற அட்டவணையை நீண்டதாக்குவதற்கு ‘உருக்கல்’ என்றும், நீண்டதைப் புதிய வடிவிற் கொண்டுவருவதற்கு ‘வார்த்தல்’ என்றும் பொருள்படும் பெயர்கள் இடப்பட்டிருந்தன. இவை உலைக்களச் சொற்கள். 2014இல் அவற்றின் இடத்துக்கு ‘குவித்தல்’, ‘பரப்பல்’ என்னும் பொருளுடைய சொற்கள் வந்தன. எது எத்திசை என்பதைப் பலராலும் நினைவிற் கொள்ள முடியவில்லை. எனவே, பயன்படுத்துவோரைக் கேட்டறிந்து 2019இல் ‘நீளமாக்கித் திருப்பல்’, ‘அகலமாக்கித் திருப்பல்’ என்ற கருத்துடைய பெயர்கள் சூட்டப்பட்டன. கற்போருக்கு இவை எளிமையானவை என்பதில் ஐயமில்லை. எனினும், முதலிற் சூட்டிய பெயர்களே உண்மைக்கு நெருக்கமானவை என்பது நமது அபிப்பிராயம். வார்ப்பதற்கு அச்சு வேண்டும். அச்சைச் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும். திருப்பல் என்ற சொல்லிலே அந்த ஆள் மறைந்து விடுகின்றார்.

கட்டுரையின் வலிமையை முதலில் ஏற்றுக்கொள்வோம். அவர் எடுத்துக்காட்டும் அட்டவணைகளுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவிலே பியூ நிறுவனம் நடத்திய கணிப்பிலிருந்து பெறப்பட்டது. இடப்புறத்திலே சமயங்கள், தலைப்பிலே ஆண்டு வருமானப் பிரிவுகள், கட்டங்களிலே ஆட்களின் தொகை. கருவியுடன் வழங்கப்படும் வடிவத்தில் அது 18 நிரைகளும் 11 நிரல்களும் கொண்டது. உருக்கியபின் 180 நிரைகளும் 3 நிரல்களும் கொண்டதாகின்றது. சமயம், வருமானம், தொகை என்பன அம்மூன்று நிரல்கள். முன்னைய வடிவத்தில் ‘வருமானம்’ என்ற சொல் அட்டவணையில் எங்குமே இல்லை. டொலர்த் தொகைகள் தலைப்புகளாக உயர்ந்து நின்றன. அவற்றைப் பிணைக்கும் கருத்து மட்டும் பெயரின்றிக் கிடந்தது. பெயரற்றிருந்த அக்கருத்துக்கு ஒரு பெயரிட்டு, அதனை வினாவுக்குட்பட்ட நிரலொன்றாக இறக்கி வைப்பதே உருக்கலின் சாதனை.

இதன் தாற்பரியம் நமது சூழலில் இன்னும் தெளிவாகும். இலங்கைக் குடிசன மதிப்பு அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். மாவட்டங்கள் நிரைகளாக நிற்கும். தலைப்பிலே சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர், மலாயர், பறங்கியர் என்று நிரல்கள் நிற்கும். 1911ஆம் ஆண்டு மதிப்பிலேயே இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் முதன்முதலாக வேறு வேறாகக் காட்டப்பட்டனர். ஒரு காலனித்துவ நிர்வாகம் குறித்தவோர் ஆண்டில் மேற்கொண்ட தீர்மானம், தலைப்பின் உச்சியில் ஏறியபின் இயற்கைப் பொருள்போல் தோற்றமளிக்கின்றது. அதே அட்டவணையை நீளமாக்கினால் அப்பெயர்கள் யாவும் ‘இனம்’ என்னும் ஒரு நிரலின் கீழ் வெறும் பெறுமதிகளாக வரிசையில் வந்து நிற்கும். அவற்றுக்கு அருகே ‘எவ்வாண்டிலிருந்து’ என்றோ ‘யார் இட்ட பெயர்’ என்றோ இன்னொரு நிரலைச் சேர்ப்பதற்குத் தடையேதுமில்லை. தலைப்பாக இருந்தபோது அதற்கு இடமே இருக்கவில்லை.

இனி, உடன்பட முடியாத இடங்களுக்கு வருவோம். டோல்ஸ்டோயின் ‘அன்னா கரெனினா’ நாவலின் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தைத் தழுவி, குடும்பங்களின் இடத்தில் தரவுத்தொகுதிகளை வைத்து, ஒழுங்கானவை யாவும் ஒரே மாதிரியானவை, ஒழுங்கற்றவையோ ஒவ்வொன்றும் தன் வழியில் ஒழுங்கற்றவை என்ற கருத்தை விக்கம் கூறுகின்றார். சாதுரியமான தழுவல்தான். நாவலை வாசித்தவருக்கோ ஓர் ஐயம் எழும். ஒரே மாதிரியான குடும்பங்களை முதல் வாக்கியத்தோடு விட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே ஒப்லொன்ஸ்கி வீட்டுக் குழப்பத்துக்குள் நுழைந்து விடுகின்றார் டோல்ஸ்டோய். நிலவுடைமை ரஷ்யா சிதைந்துகொண்டிருந்த வரலாறு அந்த ஒழுங்கின்மைகளினூடாகவே அவருக்குப் புலப்பட்டது. விக்கமின் பயணம் எதிர்த்திசையில் அமைகின்றது. ஒழுங்கின்மைகளை ஐந்து வகையாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் மருந்து கூறி, எல்லாவற்றையும் ஒரே மாதிரியான குடும்பமாக்குவதில் அவர் கண்ணாயிருக்கின்றார். குழப்பம் ஏன் அவ்வுருவில் தோன்றிற்று, அதை அவ்வாறு ஆக்கிய அலுவலகம் எது, யாருடைய தேவைக்கு அவ்வட்டவணை அகன்றது என்னும் வினாக்கள் அவருடைய நோக்குக்கு வெளியே நிற்கின்றன.

ஆயினும், அவர் நேர்மையான ஆசிரியர். குறித்த ஒரு தரவுத்தொகுதியில் மாறி எது, அவதானம் எது என்று கண்டுகொள்வது எளிது. பொதுப்பட வரையறுப்பதோ வியப்பூட்டுமளவு கடினம் என்று அவரே ஒப்புக்கொள்கின்றார். வீட்டுத் தொலைபேசி எண்ணும் அலுவலகத் தொலைபேசி எண்ணும் இரண்டு மாறிகளா, ஒரே மாறியின் இரண்டு வகைகளா? ஒரே எண்ணைப் பலர் கொடுத்திருக்கின்றனரா என்று மோசடி தேடுபவர் ஒருவகையாகவும், முகவரிப் புத்தகம் செய்பவர் இன்னொருவகையாகவும் விடை கூறுவர். நமது நோக்கில் கட்டுரையின் உயிர்நிலை இவ்விடமே. தரவின் ‘இயல்பான’ உருவம் என ஒன்றில்லை. வினாவைக் கேட்பவரின் தேவையே உருவத்தைத் தீர்மானிக்கின்றது. இவ்வளவு தூரம் வந்த ஆசிரியர், நடைமுறையில் இது சிக்கலாவதில்லை என்ற தோரணையில் அடுத்த பந்திக்குச் சென்றுவிடுவது ஏமாற்றமளிக்கின்றது.

நிரைகளை நிரல்களாக்கும் திசையில், அதாவது வார்த்தலில், இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. நீளமாக்கும்போது பெரும்பாலும் எதுவும் இழக்கப்படுவதில்லை. அகலமாக்கும்போதோ இரண்டு விபத்துகள் நேரக்கூடும். ஒரு சஞ்சிகையில் வெளிவந்த சிறுகதைகளைப் பட்டியலிடும் ஆய்வாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். எழுத்தாளர், ஆண்டு, கதைத்தலைப்பு என மூன்று நிரல்கள், கதைக்கொரு நிரை. ஆண்டுகளைத் தலைப்புகளாக்கி, எழுத்தாளருக்கு ஒரு நிரை வருமாறு அகலமாக்க அவர் விரும்புகின்றார். ஓர் எழுத்தாளர் ஒரே ஆண்டில் இரண்டு கதைகள் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் வந்து மோதும். இன்றைய கருவி எச்சரித்துவிட்டு இரண்டையும் ஒரு சிறு பட்டியலாகக் கட்டத்துக்குள் வைக்கும். பழைய ‘வார்த்தற்’ சார்பு வேறுவிதமாக நடந்துகொண்டது. எவ்வாறு ஒன்றிணைப்பது என்று கட்டளையிடப்படாதவிடத்து, ஓர் அறிவித்தலைக் காட்டிவிட்டு எண்ணிக்கையை அங்கே இட்டுவிடும். கதைகளின் தலைப்புகள் போய், 2 என்ற எண் மட்டும் நிற்கும். எண்ணிக்கை வேண்டாமெனில் கூட்டலாம், சராசரி காணலாம், முதலாவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் முன்னிருந்த நிரைகளுக்கு அந்த அட்டவணையிலிருந்து மீண்டு செல்ல வழியில்லை.

கணினி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்விடயத்தைக் கூர்ந்து நோக்கியவர் லெனின். அவருடைய ‘ரஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’ சிறையிலும் சைபீரிய நாடுகடத்தலிலும் எழுதப்பட்டு 1899இல் வெளிவந்தது. அந்நூலின் இரண்டாம் அத்தியாயத்தை ஒரு புள்ளிவிபரவியற் பனுவல் என்ற வகையில் நமது மாணவர் படிப்பதில்லை. ‘செம்ஸ்த்வோ’ எனப்பட்ட உள்ளூராட்சி அமைப்புகள் விவசாயக் குடும்பங்களை வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்திருந்தன. குடும்பத்துக்கொரு நிரை என்னுமளவுக்குச் செழிப்பான தரவு அது. அச்சேறிய அட்டவணைகளிலோ அவ்வளவும் சராசரிகளாகச் சுருங்கியிருந்தது. குதிரையற்றவனும் பல குதிரைகள் வைத்திருந்தவனும் ஒரே கட்டத்துக்குள் மோதி, இருவருக்கும் பொதுவான ஒரு ‘நடுத்தர விவசாயி’ பிறந்திருந்தான். அவனைக் காட்டி, ரஷ்யக் கிராமத்தில் வர்க்கப் பிரிவினை இல்லை என்று நரோத்னிக்குகள் வாதித்தனர். லெனின் புதிதாக ஒருவரையும் எண்ணவில்லை. இருந்த தரவை எந்த மாறியின்படி தொகுப்பது என்ற ஒன்றையே மாற்றினார். கிராமச் சமூகம் பங்கிட்டளித்த நிலத்தின்படி தொகுத்தால் வேறுபாடு மங்கும்; ஏனெனில் அப்பங்கீடே சமப்படுத்தும் நோக்குடையது. விதைக்கப்பட்ட நிலத்தின்படி தொகுத்தபோது, தவ்ரீதா மாகாணத்திலே ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக் குடும்பங்களிடம் பயிர்நிலத்தின் பாதியளவு இருந்தமை வெளிப்பட்டது. தொகுத்த வடிவங்கள் இரண்டும் ஒரே வீடுகளிலிருந்து பிறந்தவை.

இரண்டாவது விபத்து வெறுமை பற்றியது. அகன்ற அட்டவணையில் ஒவ்வொரு நிரையும் ஒவ்வொரு நிரலும் சந்திக்குமிடத்தில் ஒரு கட்டம் இருந்தே தீரும். நீண்ட வடிவத்தில் அந்த நிரை இல்லாமலே இருந்திருக்கலாம். எனவே, வார்க்கும்போது வெறுங்கட்டங்கள் தோன்றுகின்றன. உருக்கும்போது அவற்றை வைத்திருப்பதா எறிவதா என்ற தெரிவு எழுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய்த் தரவு இதற்குத் தக்க சான்று. 1980 முதல் 2013 வரையான அத்தரவு 7,240 நிரைகளும் 60 நிரல்களும் கொண்டது. 56 நிரல்களின் தலைப்புகளில் நோயைக் கண்டறிந்த முறை, பால், வயது என்பன ஒரே சொல்லாக நெரிக்கப்பட்டுள்ளன. ஒரு முறைக்குரிய தலைப்புகளில் மட்டும் சொற்களைப் பிரிக்கும் கீழ்க்கோடு விடுபட்டிருப்பதால், ஏட்டுப் பிரதியைத் திருத்தும் பதிப்பாசிரியர்போல் அதை முதலிற் சேர்க்க வேண்டியுள்ளது. உருக்கினால் 4,05,440 நிரைகள் வரவேண்டும். விக்கமும் கரெட் குரோல்மண்டும் எழுதிய பாடநூலில் வெறுமைகளை எறியும் தெரிவோடு உருக்கப்பட்டு 76,046 நிரைகளே எஞ்சுகின்றன. 3,29,394 கட்டங்கள் ஒரு சொல்லால் அகன்றுவிட்டன. இது நியாயமா, வெறுமைக்கும் பூச்சியத்துக்கும் என்ன வேறுபாடு என்று அவ்வாசிரியர்களே மாணவரைக் கேட்கின்றனர். பாடத்தின் உடலில் இடம்பெற வேண்டிய அவ்வினா, அத்தியாய இறுதிப் பயிற்சியில் ஒதுங்கியிருப்பதே நமது குறை. பூச்சியம் என்பது எண்ணிப் பார்த்தபோது ஒருவரும் இல்லை என்ற கூற்று. வெறுமை என்பது எண்ணுவதற்கு ஒருவர் அங்கு சென்றார் என்பதற்குச் சான்றில்லாமை.

இவ்வேறுபாடு நமக்குப் புத்தக விவகாரமன்று. இலங்கையில் 1981இன் பின் நடைபெற்றிருக்க வேண்டிய 1991ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு நடைபெறவேயில்லை. 2001இல் 18 மாவட்டங்களிலேயே அது முழுமை பெற்றது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழிலும் போர்ச் சூழலால் முழுமையாக எடுக்க இயலவில்லை. 2012இலேயே 25 மாவட்டங்களும் மீண்டும் ஒருங்கே எண்ணப்பட்டன. இத்தரவை மாவட்டம், ஆண்டு, தொகை என்று நீளமாக வைத்து வெறுமைகளை எறிந்தால், முல்லைத்தீவின் 2001ஆம் ஆண்டு நிரை சத்தமின்றி இல்லாமற் போகும். அகலமாக்கி வெறுமைகளைப் பூச்சியத்தால் நிரப்பினால், அவ்வாண்டில் அங்கு மனிதரே வாழவில்லை என்று அட்டவணை கூறும். 1991இன் நிலையோ இன்னும் நுட்பமானது. அதற்கு எந்த மாவட்டத்திலும் தரவில்லையாதலால் தலைப்பே தோன்றாது. 1981, 2001, 2012 ஆகிய மூன்று நிரல்களும் இடைவெளியின்றி அருகருகே நின்று, தொடர்ச்சியான வரலாறு போலக் காட்சிதரும். கிளிநொச்சி 1984இலேயே தனி மாவட்டமாயிற்று. அதன் 1981ஆம் ஆண்டுக் கட்டத்தின் வெறுமையும் 2001ஆம் ஆண்டுக் கட்டத்தின் வெறுமையும் ஒன்றல்ல. முன்னதற்குக் காரணம் நிர்வாக எல்லை. பின்னதற்குக் காரணம் போர். கணினி இரண்டுக்கும் ஒரே குறியையே இடுகின்றது.

இத்தரவை எமது மாணவருடன் கையாண்டபோது நாம் செய்த ஏற்பாடு எளிமையானது. நீண்ட வடிவத்தையே மூலப் பிரதியாகக் கொண்டோம். எந்த நிரையையும் எறியவில்லை. 1991க்கும் மாவட்டந்தோறும் ஒரு நிரை எழுதினோம். தொகைக்கு அருகே ‘எண்ணப்படாமைக்குக் காரணம்’ என்று நான்காவது நிரலைச் சேர்த்தோம். வாசிப்போருக்கு அகன்ற வடிவமே இலகுவாதலின், அச்சுக்கு அதை அகலமாக்க நேர்ந்தது. அப்போது தொகையும் காரணமும் இரண்டு தொகுதி நிரல்களாகப் பெருகித் தாளின் அகலத்தை மீறின. காரணங்களைக் குறிகளாகச் சுருக்கி வெறுங்கட்டங்களில் இட்டு, விளக்கத்தை அட்டவணையின் அடியிலே சிறிய எழுத்திற் சேர்த்துள்ளோம்.